புளியை எப்போது ஊற்றுவது?

சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் எந்த வீட்டிலும் உடனே பதில் கிடைக்கும். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழ அளவு என்று கைக்கணக்கு வைத்திருக்கிறோம். எப்போது ஊற்றுவது என்று யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. அம்மா செய்த வரிசையில் நாமும் செய்துவிடுகிறோம். சமையலின் வேதியியல் பாதிக்கு மேல் அந்த வரிசைக்குள்தான் இருக்கிறது. பருப்பு வெந்தபிறகு புளி சேர்ந்தால் குழைந்த சாம்பார். முதலிலேயே சேர்ந்துவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு தனித்தனியாக நிற்கும். பாயசத்தில் பால், இட்லி மாவில் சோடா, பனைமரத்துக் கலயத்தில் சுண்ணாம்பு, ஊறுகாயில் எண்ணெய் எல்லாம் இதே மாதிரிதான்: பொருள் சரியாக இருந்தும் நேரம் தப்பினால் காரியம் கெடும்.

முதலில் அடிப்படை. தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும் பொருள் அமிலம். அந்த அயனியை வாங்கி அடக்கிவிடும் பொருள் காரம் (மிளகாய்க் காரம் வேறு, இங்கே பேசுவது சுண்ணாம்பு, சோடா வகை). நாக்கு புளிப்பு என்று உணர்வது இந்த அயனியைத்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக், வினிகரில் அசிட்டிக். மாங்காயில் சிட்ரிக்கும் மாலிக்கும் கலந்திருக்கும். பழுக்கப் பழுக்க அமிலம் குறைந்து சர்க்கரை ஏறும். சேலத்து மல்கோவா காயாக இருக்கும்போது பல் கூசவைத்துவிட்டு வைகாசியில் தேனாக மாறுவது இப்படித்தான்.

அமிலத்தை அளக்கப் பயன்படும் பி.எச். அளவுகோலை 1909-ல் உருவாக்கிய சோரன்சென், கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நொதிக்கும் பொருளில் புளிப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டியிருந்த இடம் அது. ஆக, இது சாப்பாட்டுப் பக்கத்திலிருந்தே வந்த அளவுகோல். சுத்தமான தண்ணீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.5-க்கும் நடுவில், தயிர் 4.5-ஐ ஒட்டி, பால் 6.6, ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் 8.3, சுண்ணாம்புத் தெளிவு 12-க்கு மேல். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 4.5 இருக்கும் தயிருக்கும் 2.5 இருக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசம் இரண்டு என்று தோன்றும். உண்மையில் நூறு மடங்கு.

நாக்கு இந்தக் கணக்கில் எளிதாக ஏமாந்துவிடும். குழம்பில் புளி தூக்கலாகிவிட்டால் துண்டு வெல்லம் போடுகிறோம். வாய்க்குப் புளிப்பு குறைகிறது, ஆனால் குழம்பில் இருக்கும் அமிலம் அப்படியே இருக்கிறது. வேகாத பருப்புக்கோ திரியப்போகும் பாலுக்கோ வெல்லம் சமாதானம் சொல்ல முடியாது. அமிலத்தை நிஜமாகவே குறைக்க இரண்டு வழிதான்: தண்ணீரோ தேங்காய்ப் பாலோ விட்டு நீர்க்கச் செய்வது, இல்லையென்றால் காரத்தைச் சேர்த்து அடக்குவது.

அமிலமா காரமா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனைப் பொருள் இருக்கிறது. சேலம் லீ பஜாரில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் மஞ்சள்தான் அது. மஞ்சளின் குர்குமின் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். காரம் பட்டதும் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் ரத்தச் சிவப்பு வருவதும், குழம்புக் கறை பட்ட வேட்டியில் சோப்பு போட்டதும் கறை திடீரென்று சிவப்பதும் ஒரே வினை. அந்த ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் செய்துகாட்டுங்கள்; புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக மனதில் பதியும்.

சரி, பருப்புக்கு வருவோம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகுதல் என்பது சூட்டில் இந்தப் பசை கரைந்து செல்கள் பிரிவதுதான். அமிலம் இருக்கும் தண்ணீரில் பெக்டின் லேசில் கரையாது. அதனால்தான் புளித்தண்ணீரில் பருப்பு அசைந்துகொடுப்பதில்லை. காய்க்கும் இதே விதி பொருந்தும். வற்றல் குழம்பிலோ புளிக்குழம்பிலோ போட்ட சின்ன வெங்காயமும் முருங்கையும் உருக்குலையாமல் நிற்பது அமிலத்தின் தயவு. ஆக, புளி பருப்புக்கு எதிரி, குழம்புக் காய்க்குத் துணை. எது முதலில் வேக வேண்டும், எது முழுசாக நிற்க வேண்டும் என்று தெரிந்தால் புளி ஊற்றும் நேரம் தானாகத் தெரிந்துவிடும்.

நம் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்தில் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அரிசி, துவரம்பருப்பு, தக்காளி மூன்றும் ஒரே பாத்திரத்தில் ஏறுகின்றன. நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு இன்னும் அதிகம். அரிசி குழைந்துவிடும், பருப்பு கடிபடும். குக்கரில் இது பெரும்பாலும் தெரியாது. பாத்திரத்தில் வைப்பவர்கள் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் பதம் வெந்தபின் தக்காளி வதக்கலையும் அரிசியையும் சேர்த்தால் போதும். கொள்ளு, தட்டைப்பயறு போன்ற கெட்டியான தானியங்களுக்கு இது இன்னும் கண்டிப்பு: முழுக்க வெந்து, நசுக்கினால் மசிய வேண்டும், அதற்குப் பிறகுதான் புளியோ தக்காளியோ.

ஏற்காட்டில் இந்தத் தப்புக்குத் தண்டனை கூடுதல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கீழே 100 டிகிரியில் வேகும் பருப்பு மேலே ஐந்து டிகிரி குறைந்த சூட்டில் வேக வேண்டும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. இதில் புளியையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு தாமதம்தான்.

மூன்றாவது ஆள் தண்ணீர். சேலத்துக்காரர்களுக்கு மேட்டூர்க் காவிரித் தண்ணீருக்கும் போர் போட்ட உப்புத் தண்ணீருக்கும் வித்தியாசம் பருப்பு வேகவைக்கும்போதே தெரியும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு பிணைந்து அதை இன்னும் இறுக்கிவிடும். மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் வெள்ளையாகத் தெரியும் குன்றுகள் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துச் சுண்ணக்கட்டி என்று நினைத்து சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாறைகளுக்கு நடுவே ஊறும் தண்ணீர் மக்னீசியத்தைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் வரும். அந்த வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா ஒரு காரப் பொருள். உருக்கு உலைகளின் உள்பக்கச் செங்கலுக்கு முக்கியமாகப் போவது அதுதான். வயிற்றெரிச்சலுக்கு டாக்டர் எழுதித்தரும் வெள்ளை மருந்துகள் பலவற்றிலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு. வயிற்று அமிலத்தை அடக்கும் வேலை அதற்கு.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் பருப்பில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவது இதற்காகத்தான். அது இரண்டு வழியில் வேலை செய்கிறது: தண்ணீரைக் காரமாக்கிப் பெக்டினை உடைக்கிறது, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வீழ்படிவாக்கி ஒதுக்குகிறது. சீக்கிரம் வெந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் காரத்தில் நிற்காது; சோடா கூடினால் சுவையும் சோப்பு மாதிரி ஆகிவிடும். பருப்பை ஊறவைத்து, வேகவைக்க மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்வதே மேல் என்பேன்.

கீரை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதிலும் மக்னீசியம் வருகிறது. இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோபிலின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூட்டோடு அமிலமும் சேர்ந்தால் அந்த அணு வெளியேறி, ஹைட்ரஜன் உள்ளே வந்து, பச்சை மங்கி ஒருவித காக்கி நிறமாகிவிடும். கீரைக்குள்ளேயே இருக்கும் அமிலங்கள் சில ஆவியோடு போகக்கூடியவை. அதனால் கீரையை மூடாமல் வேகவை என்று பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கடைசலுக்குப் புளி வேண்டுமென்றால் வெந்தபிறகு, கடையும்போது. நிறத்துக்காகக் கீரையில் சோடா போடுவது வேண்டாம். பச்சை பளிச்சென்று நிற்கும், ஆனால் இலை கூழாகும், சத்தும் போகும்.

எல்லா நிறத்துக்கும் அமிலம் ஆகாது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும் எலுமிச்சை பட்டதும் இன்னும் எடுப்பாகச் சிவக்கின்றன. வெங்காயத்தோலின் ஊதா நிறமி அமிலத்தில் இளஞ்சிவப்பாகும். பீட்ரூட்டின் நிறமியும் லேசான அமிலத்தில்தான் நன்றாக நிற்கும். வாழைப்பூவை நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போடுவதும் அமிலத்தின் உதவிதான். வெட்டுப்பட்ட இடத்தைக் கறுக்கவைக்கும் நொதி, புளித்த மோரில் மந்தமாகிவிடும். கறுத்தபிறகு போட்டால் திரும்ப வெளுக்காது.

அமிலத்தைப் பற்றிப் பேச நிறைய பேர் உண்டு. காரத்தின் பக்கத்தை யாரும் அவ்வளவு கவனிப்பதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம், அதற்கு நல்ல இடம் பனைமரமும் கரும்பாலையும்.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு இல்லையென்றால் காலையில் இறங்குவது கள். பாளையிலிருந்து சொட்டும் நீர் இனிப்பானது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதை உடனே பிடித்துக்கொள்ளும். சர்க்கரை சாராயமாகவும் அமிலமாகவும் மாறத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழும் முதல் சொட்டே காரத்தில் விழுகிறது, கிருமிகளால் அதில் பெருக முடியாது. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான். இரவு முழுக்க நொதித்த நீரில் காலையில் எவ்வளவு சுண்ணாம்பு கலக்கினாலும் பதநீர் வராது. அமிலம் அடங்கலாம், போன சர்க்கரை திரும்பாது.

வெல்லத்திலும் இதே நியாயம். பிழிந்த கரும்புச்சாற்றின் பி.எச். 5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்கும். அந்த அமிலத்தோடு கொப்பரையில் நெடுநேரம் கொதித்தால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகும். இந்த இரண்டும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். அச்சில் ஊற்றிய வெல்லம் கெட்டியாக நிற்காமல் கசிந்து பிசுபிசுக்கும். அதனால் சாறு சூடேறும்போதே அளவாகச் சுண்ணாம்புப் பால் ஊற்றி அமிலத்தை அடக்குகிறார்கள். கூடவே சாற்றின் புரதமும் அழுக்கும் திரண்டு நுரையாக மேலே வர, அகப்பையால் எடுத்துவிடுவார்கள். பாகு பதத்துக்கு வந்தபிறகு ஊற்றிப் பயனில்லை, உடைந்த சுக்ரோஸ் உடைந்ததுதான். சுண்ணாம்பு மிஞ்சினாலும் வெல்லம் கருத்து, ஒருவித நெடி வரும். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் நல்ல உருண்டைக்கு விலை வைப்பவர்கள் அழுத்திப் பார்ப்பதும் முகர்வதும் அந்த ஆலைக்காரரின் கை எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான். வெளுப்புக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் கலந்த மஞ்சள் வெல்லம் இந்தக் கணக்கிலேயே சேராது. கொஞ்சம் கருத்த வெல்லத்தை நம்பி வாங்கலாம்.

வெல்லம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முழுக்க நடுநிலையாக இருக்காது, லேசான அமிலம் மிஞ்சும். அதை மறந்தால் ஜவ்வரிசிப் பாயசம் திரியும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஜவ்வரிசியிலும் நம் பக்கத்து வெல்லத்திலும் செய்யும் பாயசம் பால் திரிந்து கெடுவது பெரிய வருத்தம். பாலில் இருக்கும் கேசின் புரதம், சாதாரண சூட்டில் பி.எச். 4.6-ஐ ஒட்டி இறங்கினால்தான் திரளும். கொதிக்கும் பாலுக்கு அவ்வளவு வேண்டாம்; கொஞ்சம் அமிலம் சேர்ந்தாலே போதும். கோடையில் காலையில் வாங்கிய பால் பார்வைக்கு நன்றாக இருந்து, சாயங்காலம் அடுப்பில் ஏற்றியதும் திரிவதும் இதனால்தான். ஆகவே ஜவ்வரிசியை முதலில் வெறும் தண்ணீரில் கண்ணாடியாக வேகவைத்து, வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றிக் கொதிக்கவிட்டு, இறக்கி ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பாலைக் கடைசியில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. திரியாமல் இருக்கச் சோடா போடச் சொல்பவர்கள் உண்டு. ஆறவைக்கும் பொறுமை இருந்தால் அது தேவையே இல்லை. புளிக்கத் தொடங்கிய பாலைச் சோடா போட்டு மறைத்து விற்பது கலப்படம், உணவுப் பாதுகாப்புச் சோதனையில் அதைத் தனியாகப் பார்க்கிறார்கள்.

இட்லி மாவுக்குச் சோடா வேறு நோக்கத்தில் போகிறது. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் லியூகோநோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் அமிலத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்தே தருகின்றன. மாவு பொங்குவதும் புளிப்பதும் ஒன்றாக நடக்கும். சித்திரை மாதச் சேலத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு, மார்கழி மாத ஏற்காட்டில் விடிந்தாலும் அரைத்த மட்டத்திலேயே இருக்கும். அங்கே சோடா போடுவதை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் ஊற்றுவதற்குச் சற்று முன்பு போட வேண்டும். மாவின் அமிலமும் சோடாவும் சந்தித்த நொடியில் வாயு கிளம்பிவிடும். இரவே கலந்து வைத்தால் வாயு போய்விடும், புளிப்பும் அடங்கிவிடும், மிச்சம் உப்பு மட்டும். அளவு மீறினால், அமிலம் கிடைக்காத சோடா ஆவிச் சூட்டில் உடைந்து சோடியம் கார்பனேட் ஆகிறது. துணி துவைக்கும் சலவை சோடா என்பது அதுதான். சில கடை இட்லியில் வரும் மஞ்சள் நிறத்துக்கும் சோப்பு வாசனைக்கும் காரணம் இதுவே.

காபியைத் தொடாமல் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பற்றி எழுத முடியாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார். பழத்தின் தோலை நீக்கியபின் கொட்டையில் ஒட்டியிருக்கும் வழவழப்பை நொதிக்கவைத்துக் கழுவுவது ஒரு முறை. அங்கேயும் தொட்டியில் அமிலம் ஏறுகிறது, நேரம் தப்பினால் கொட்டையில் புளித்த நாற்றம் நின்றுவிடும். வறுக்கும்போது குளோரோஜெனிக் அமிலம் உடையத் தொடங்குகிறது. அதனால் அதிகம் வறுத்த காபியில் புளிப்பு குறைவு, கசப்பு அதிகம். டிகாஷனைச் சுடவைத்தே வைத்திருந்தால் அந்த அமிலம் குயினிக் அமிலமாக உடைந்துகொண்டே இருக்கும். மத்தியானம் மீந்த டிகாஷன் ஒரு மாதிரி புளித்துக் கசப்பதும், சுமாரான பாலில் ஊற்றினால் திரிப்பதும் அதனால்தான். வேண்டியபோது புதிதாக இறக்கிக்கொள்வதே நல்லது.

பாத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பித்தளைக் குடத்தைப் புளி பளபளப்பாக்குவது, மேலே படிந்த செம்பு ஆக்சைடைக் கரைத்துவிடுவதால். அதே புளி ரசமாக அந்தப் பாத்திரத்திலேயே தங்கினால் கரைந்த செம்பு வயிற்றுக்குள் போகும். ஈயம் (வெள்ளீயம்) பூசுவது இதைத் தடுக்கத்தான். அலுமினியமும் புளியில் கரையும். எவர்சில்வரில் குறைந்தது பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கிறது. அது மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலமாகி அமிலத்தை உள்ளே விடாது. கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய சேலம் உருக்காலையின் பெயர் நாடு முழுக்கப் போனது இந்த எவர்சில்வர் தகட்டால்தான். புளிக்குழம்பைச் சமைப்பது எதில் என்றாலும், மறுநாளைக்கு எடுத்துவைப்பது எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ பீங்கானிலோ இருக்கட்டும்.

ஊறுகாயில் வரிசை தப்பினால் ருசியோடு உடம்பும் கெடும், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பொட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா காற்று இல்லாத இடத்தில் வளரும், பி.எச். 4.6-க்குக் கீழே அதனால் வளர முடியாது. மாங்காய், எலுமிச்சை ஊறுகாய்க்குப் பயமில்லை, காயே அமிலம். பூண்டு அப்படி இல்லை, அதில் அமிலம் குறைவு. உரித்த பூண்டை நேராக எண்ணெயில் போட்டு ஜாடியை மூடினால், எண்ணெய் காற்றை அடைத்து அந்தக் கிருமிக்கு இடம் செய்துகொடுக்கும். பின்னால் மேலே எலுமிச்சை பிழிந்தாலும் எண்ணெய் பூசிய பல்லுக்குள் சாறு சரியாக இறங்காது. அதனால் பூண்டை முதலில் உப்போடு எலுமிச்சைச் சாற்றிலோ கெட்டிப் புளிக்கரைசலிலோ உள்ளே வரை புளிப்பு ஏறும்படி ஊறவிடுங்கள். கடித்துப் பார்த்தால் பல்லின் நடுவிலும் புளிக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது அதற்கப்புறம்.